முப்பதைத் தாண்டினபிறகு நட்பு: ஆண்களுக்கும் பெண்களுக்கும் ஏன் வேற வேற இடத்துல அறுந்துபோகுது?

புதுக்குடி (கேள்வி)

வணக்கம். வேலூர் மாவட்டம் காட்பாடி பக்கம் புதுசா எழும்பின ஒரு நகர், சுமார் 90 வீடு. பாதிக்கு மேல வெளியூர்லேர்ந்து வேலைக்காக வந்தவங்க: ஆஸ்பத்திரி, காலேஜ், பேங்க், ராணிப்பேட்டை சிப்காட். வயசு பெரும்பாலும் 30க்கும் 50க்கும் நடுவுல. கேட்டைப் பூட்டினா அடுத்த வீட்டுல யார் இருக்காங்கன்னே தெரியாது. நலச்சங்கத்துல இதுக்கு ஏதாவது செய்யணும்னு பேச்சு வந்திருக்கு. இப்போதைக்கு இருக்கிற யோசனை, மாசக் கடைசி ஞாயிறு சாயந்தரம் எல்லாரும் கூடி டீ, பஜ்ஜி, ஆளாளுக்கு அறிமுகம்.

கேட்க வந்தது: ஆண்கள் நட்பு பிடிக்கிற விதமும் பெண்கள் நட்பு பிடிக்கிற விதமும் வேறன்னு சொல்றாங்களே, அது எவ்வளவு தூரம் உண்மை? உண்மைன்னா ரெண்டு தரப்புக்கும் ஒரே ஏற்பாடு எடுபடுமா? ஒரு பழக்கம் நட்பா மாற எவ்வளவு நாள் ஆகும், எங்க சறுக்கும்? "மனசு விட்டுப் பழகுங்க"ன்னு பொதுவா சொல்லாம, நாள், நேரம், ஆள் எண்ணிக்கை வரைக்கும் யாராவது சொன்னா கூட்டத்துல வெக்க வசதியா இருக்கும்.

---

கோட்டை அகழி

மாசம் ஒரு தடவை பஜ்ஜி என்பதை முதலில் மாற்றுங்கள். பஜ்ஜியில் குறை இல்லை, கணக்கில்தான் இடிக்கிறது.

கன்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஹால் 2018ல் வெளியிட்ட ஆய்வு உங்கள் நகருக்கென்றே செய்தது போல இருக்கும். அண்மையில் புது ஊருக்குக் குடிபெயர்ந்த 355 பெரியவர்களிடம், அங்கே புதிதாக அறிமுகமானவரோடு எத்தனை மணி நேரம் கழித்தீர்கள், இப்போது அவர் உங்களுக்கு யார் என்று கேட்டார்கள். தெரிந்தவர் என்ற நிலையிலிருந்து சாதாரண நண்பர் ஆக ஏறக்குறைய 50 மணி நேரம். நண்பர் என்று சொல்ல 90. நெருங்கிய நண்பர் ஆக 200 மணி நேரத்துக்கு மேல். மாசம் 2 மணி நேரம் என்றால் வருடத்துக்கு 24. சாதாரண நண்பர் ஆகவே இரண்டு வருடம் தாண்டும். நெருங்கிய நட்புக்கு எட்டு வருடத்துக்கும் மேல். அதற்குள் பாதிப் பேருக்கு மாற்றல் உத்தரவு வந்துவிடும். அதுவும் 90 வீட்டுக் கூட்டத்தில் ஒருவரோடு பேசக் கிடைப்பது பத்து நிமிடம்தான். அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது: ஆபீசில் சேர்ந்து வேலை பார்க்கும் நேரம் இந்தக் கணக்கில் அவ்வளவாக ஏறுவதில்லை. ஒரே ஆபீசில் ஆறு வருடம் இருந்தும் நட்பாகாமல் போவது இதனால்தான்.

இப்போது ஆண், பெண் விஷயம். இதில் இரண்டு கேள்விகளைப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். மனம் திறப்பதில் வித்தியாசம் உண்டா என்பது ஒன்று. நட்பு எதனால் நிலைக்கிறது என்பது இன்னொன்று.

முதலாவதில் வித்தியாசம் நாம் நினைப்பதைவிட மிகச் சிறியது. டிண்டியாவும் ஆலனும் 1992ல் 205 ஆய்வுகளை, 23,000க்கு மேற்பட்ட ஆட்களை, ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். பெண்கள் அதிகம் மனம் திறக்கிறார்கள், உண்மைதான். ஆனால் அந்த அளவை நடைமுறைக்கு மாற்றினால், கண்ணை மூடி ஓர் ஆணையும் ஒரு பெண்ணையும் எடுத்தால் பெண்தான் அதிகம் மனம் திறப்பவராக இருக்க வாய்ப்பு நூற்றுக்கு 55. மீதி 45 தடவை அந்த ஆண். ஹாரி ரெய்ஸ் குழுவினர் 1985ல் ஆண்களை உட்காரவைத்து, நெருங்கிய நண்பரோடு மனம்விட்டுப் பேசுங்கள் என்று சொன்னபோது பெண்களுக்கு ஈடாகவே பேசினார்கள். வழக்கமான நாளில் பேசுவதில்லை, அவ்வளவுதான். திறமை இருக்கிறது, சந்தர்ப்பம் அமைவதில்லை.

இரண்டாவதில்தான் வித்தியாசம் பெரிது. ராபர்ட்ஸ், ராபின் டன்பர் என்ற இரு ஆய்வாளர்கள் பள்ளிப்படிப்பு முடித்து ஊரைவிட்டுப் போன இளைஞர்களை 18 மாதம் பின்தொடர்ந்தார்கள். பெண்களின் நட்பு உதிராமல் காத்தது பேச்சு, போன் உட்பட. ஆண்களுக்கு அந்தப் பேச்சு உதவவில்லை. சேர்ந்து ஏதாவது செய்தால்தான் நின்றது: ஆட்டம், வெளியே போவது, ஒரே இடத்தில் சுற்றுவது. ஆகவே ஊர் மாறிய ஆண் "அப்பப்ப போன் பண்ணு மச்சான்" என்று சொல்லிப் பிரிவது, அவர் நட்பு எதனால் ஓடியதோ அதைக் கழற்றிவிட்டுப் போவது மாதிரி.

உளவியலாளர் பால் ரைட் 1982ல் சொன்ன படிமம் ஒன்று இன்றுவரை புழங்குகிறது. பெண்கள் முகம் பார்த்து, ஆண்கள் தோளோடு தோள் நின்று எதிரில் இருப்பதைப் பார்த்து. ஆனால் நட்பு பழையதாகவும் வலுவாகவும் ஆக இந்த வித்தியாசம் மங்கிவிடுகிறது என்றும் அவரே சொன்னார். அந்தப் பாதியை யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

உங்கள் நகருக்கு இதன் பொருள்: தொடக்கம் வேறு வேறாக இருக்கலாம். போய்ச் சேரும் இடம் ஒன்றுதான்.

---

லாங்கு பஜார்

அகழி சார் சொன்ன 200 மணி நேரத்தை ஆம்பளைங்களுக்கு எப்படிச் சேர்க்கிறதுன்னு மட்டும் சொல்றேன்.

வட்டமா சேர் போட்டு "உங்களைப் பத்தி சொல்லுங்க"ன்னா 40 வயசு ஆம்பள பேர், ஊர், டிபார்ட்மென்ட் மூணையும் சொல்லிட்டு போனை எடுத்துப் பாக்க ஆரம்பிச்சிடுவார். கையில ஒரு வேலையைக் குடுங்க. பேச்சு தானா வரும். நம்ம பக்கத்து கிராமத்துல மாடு விடும் விழாவைப் பாருங்க. மாடு ஓடுறது சில நொடி. நட்பு வளர்றது அதுக்கு முன்னாடி ஒரு மாசம்: மாட்டைப் பழக்குறது, தீனி, கயிறு, வண்டி ஏத்துறது, ராத்திரி காவல். விழாவுக்கு வந்து பாத்துட்டுப் போறவனுக்கும், மாட்டைப் புடிச்சிகினு வந்தவனுக்கும் அவ்ளோ வித்தியாசம்.

நகர்ல காலி மனை இருந்தா ஷட்டில் கோர்ட்டு போடுங்க. ரெட்டையர் ஆட்டத்துக்கு 44 அடிக்கு 20 அடி, சுத்தி நடமாட நாலு நாலு அடி. கோடு போடுறது, கம்பம் நடுறது, லைட்டு கட்டுறது எல்லாத்தையும் ஆளுங்களே செய்யட்டும், கூலிக்கு விடாதீங்க. அந்த ரெண்டு ஞாயிறுலயே எட்டு மணி நேரம் கணக்குல ஏறிடும்.

ஒரு செட்டுக்கு ஆறு பேர். இந்த எண்ணிக்கை முக்கியம். நாலு பேர் உள்ள, ரெண்டு பேர் பெஞ்சுல. 21 பாயின்ட்டு ஆட்டம் ஒண்ணு சுமார் கால் மணி நேரம். அந்தக் கால் மணி நேரம் பெஞ்சுல உக்காந்திருக்கிற ரெண்டு பேர், கண்ணு ஆட்டத்து மேல, வாய் மட்டும் பேசும். நட்பு அந்தப் பெஞ்சுலதான் நடக்குது. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஜோடி மாறிக்கிட்டே வரணும். நாலே பேர் செட்டுன்னா ஒருத்தருக்கு ஜுரம் வந்தா அன்னிக்கு ஆட்டமே இல்ல, மூணு வாரத்துல கலைஞ்சிடும். பத்து பேர்னா முக்கால் மணி நேரம் காத்திருக்கணும், ஓரமா நிக்கிறவர் மெதுவா வராமப் போயிடுவார். பத்துப் பேர் வந்தா ரெண்டு செட்டாப் பிரிச்சிடுங்க.

நாள்: செவ்வாய், வியாழன் காலை 6லிருந்து 7. ஞாயிறு 6லிருந்து 8. வாரத்துக்கு 4 மணி நேரம். பதிமூணு வாரத்துல 50ஐத் தாண்டிடும், ஒரு வருஷத்துல 200. ஏப்ரல், மே மாசத்துல நம்ம வெயிலுக்கு 5:30க்கே ஆரம்பிச்சிடணும். 7 மணிக்கு மேல யாரும் நிக்க மாட்டாங்க.

சறுக்குற இடங்கள்:

"இன்னிக்கு ஆட்டம் இருக்கா?"ன்னு கேக்குற பழக்கம். இதை முதல் நாளே ஒழிக்கணும். ஆட்டம் எப்பவும் இருக்கு, வராதவர் மட்டும் முந்தின ராத்திரி 9 மணிக்குள்ள சொல்லணும். ஒவ்வொரு தடவையும் யாராவது கூப்பிட்டாத்தான் கூடும்னா, எப்பவும் கூப்பிடுறது ஒரே ஆளா இருக்கும். ஒருநாள் அவருக்கு "நான் மட்டும்தான் கூப்பிடணுமா"ன்னு தோணும். மத்தவங்க "அவன் கூப்பிடலையே"ன்னு இருப்பாங்க. நிறைய ஆம்பளைங்க சிநேகம் சண்டையில முடியறதில்ல, இந்த ரெண்டு மௌனத்துலதான் முடியுது.

காசு. ஆட்டம் முடிஞ்சி டீக்கடைக்குப் போனா அவங்கவங்க டீக்கு அவங்கவங்க காசு. முறை வெச்சி ஒருத்தர் எல்லாருக்கும் வாங்குறது பெருந்தன்மை மாதிரி இருக்கும். ஆனா வேலை போனவரோ கடன்ல இருக்கிறவரோ தன் முறை வர்ற அன்னிக்கு வரமாட்டார். அப்புறம் சுத்தமா வரமாட்டார். அவருக்கு நட்பு ரொம்பத் தேவைப்படுற நேரத்துலதான் இது நடக்கும். பெரிய ட்ரீட்டுக்கு, ஆம்பூர் வரைக்கும் பிரியாணிக்குப் போறதுக்கு, மூணு மாசத்துக்கு ஒரு தடவை போதும்.

கைமாத்து. திரும்ப வரலேன்னாலும் பரவாயில்லைங்கிற தொகையை மட்டும் குடுக்கலாம். பேங்க் லோனுக்கு ஜாமீன் கையெழுத்து செட்டுக்குள்ள வேண்டாம்னு ஆரம்பத்துலயே பேசி வெச்சிக்கிட்டா, பின்னாடி ஒருத்தர் மறுத்தா அது மனஸ்தாபமா ஆகாது.

தண்ணி. செட்டு கூடுறதே அதுக்குத்தான்னு ஆனா, டாக்டர் சொல்லி நிறுத்தினவர் குடியோட நண்பர்களையும் சேத்து விடவேண்டியதா ஆகிடும். பகல்ல கூடுற ஒரு காரணம் எப்பவும் இருக்கட்டும்.

வாட்ஸ்அப் குரூப்பு. 40 பேருக்கு குட்மார்னிங் ரோஜாப்பூ அனுப்புறது நட்புக் கணக்குல வராது. ஆட்டத்துக்கு வரல, வர்றேன் இது ரெண்டுக்கு மட்டும் வெச்சிக்கங்க.

மூணு மாசம் ஆனதும் கனமான பேச்சு வரும், தேடிப் போகவேண்டாம். ஒருத்தர் "வீட்ல கொஞ்சம் சரியில்ல"ன்னு சொன்னா உடனே வழி சொல்லாதீங்க. நம்ம ஆளுங்களோட முதல் தப்பு அதுதான், அரை நிமிஷத்துல வக்கீல் பேரு, டாக்டர் பேரு சொல்லிடுவோம். ரெண்டு கேள்வி கேளுங்க, எப்பலேர்ந்து, இப்ப எப்படின்னு. அடுத்த தடவை பாக்கும்போது "எப்படி இருக்கீங்க"ன்னு மொத்தமா கேக்காம "அப்பாவுக்கு ஸ்கேன் ரிப்போர்ட்டு வந்துடுச்சா"ன்னு கேளுங்க. ஞாபகம் வெச்சிருக்கிறதைக் காட்டினாப் போதும்.

இன்னொண்ணு, தூரம். பாலாத்துப் பாலத்தைத் தாண்டி, கிரீன் சர்க்கிள் நெரிசல்ல நின்னு வரணும்னா எவ்ளோ ஆசை இருந்தாலும் நாலாவது வாரம் விட்டுப்போகும். வீட்லேர்ந்து பத்து நிமிஷத்துக்குள்ள இருக்கிற இடமாப் பாருங்க.

---

குடியாத்தம்காரி

அகழி சார், தோளோடு தோள் விஷயத்துல ஒரு திருத்தம். அது ஆம்பளைங்களோட சொத்து இல்ல.

குடியாத்தம், பேரணாம்பட்டு பக்கம் பீடி சுத்துற தெருவுல மத்தியானம் ரெண்டு மணிக்குப் போய்ப் பாருங்க. திண்ணையில நாலஞ்சு பெண்கள். ஒவ்வொருத்தர் மடியிலயும் முறம், அதுல நறுக்கின இலை, தூள், நூல் உருண்டை. இலையை உருட்டி, தூளை வெச்சி, நுனியை மடக்கி நூல் கட்டுற வரைக்கும் கண்ணு முறத்தை விட்டு எழும்பாது. எண்ணிக்கைக்குத்தான் கூலி, நிமிர்ந்தா நஷ்டம். ஆனா மாமியார், மகளோட படிப்பு, கர்ப்பப்பை வலி, கடன், எல்லாம் அந்தக் குனிஞ்ச தலைக்கு நடுவுலதான் பேசப்படுது. யாரும் யார் முகத்தையும் பாக்கறதில்ல. அழுதாக்கூட தெரியாது, அதுவும் ஒரு வசதி. ஆம்பூர், ராணிப்பேட்டை ஷூ கம்பெனிக்குப் போற பெண்களுக்கு கம்பெனி பஸ்ஸுல பக்கத்து சீட்டு அதே வேலையைச் செய்யுது. ரெண்டு பேரும் முன்னாடி பாத்துக்கிட்டு உக்காந்துதான் பேசறாங்க.

அதனால இது பிறவிக் குணம்னு முடிவு கட்டிடாதீங்க. யாருக்கு எந்த நேரம், எந்த இடம் கிடைக்குதுங்கிறதைப் பாருங்க. 2019ல மத்திய அரசு எடுத்த நேரக் கணக்கெடுப்புல, சம்பளமில்லா வீட்டு வேலை செய்றவங்கள்ல பெண்களோட சராசரி ஒரு நாளைக்கு 299 நிமிஷம், ஆண்களோடது 97. அந்த வித்தியாசம் மூணு மணி நேரத்துக்கு மேல. பெண்கள் நட்பு பேச்சால நிக்குதுன்னா, சமைச்சிக்கிட்டே, துணி மடிச்சிக்கிட்டே செய்ய முடியறது பேச்சு ஒண்ணுதான்ங்கிறதும் அதுக்கு ஒரு காரணம். ஷட்டிலுக்கு ரெண்டு கையும் வேணும், காலை 6 மணியும் வேணும். அந்த நேரத்துல அவங்க அடுப்புகிட்ட நிக்கிறாங்க.

பெண்கள் நட்பு அறுந்துபோற இடங்களும் வேற.

முதல் இடம் கல்யாணம். ஊரு மாறும், நம்பர் மாறும். பொண்ணு பழைய தோழிங்ககிட்ட பேசறதை முதல் ரெண்டு வருஷம் புகுந்த வீடு எப்படிப் பாக்குதுங்கிறதைப் பொறுத்துதான் மிச்சம். இதுக்குச் செய்யக்கூடியது ஒண்ணு உண்டு: கல்யாணத்துக்கு முன்னாடியே மூணு பேரைத் தேர்ந்தெடுத்து, கிழமை வெச்சி பத்து நிமிஷம். புதன்கிழமை மத்தியானம் 2:30ன்னா 2:30. "ஃப்ரீயா இருக்கும்போது பேசலாம்"ன்னா பேசவே போறதில்ல, ஃப்ரீன்னு ஒரு நேரம் வராது.

ரெண்டாவது, பேரு. நகர்ல ஒரு பெண் "ஏ பிளாக் மேனேஜர் வீட்டம்மா", இல்லேன்னா "ரித்திக் அம்மா". போன்லயும் அப்படித்தான் பதிவாகுது. ஸ்கூல் வாசல்ல பழகின நட்பு பையன் ஸ்கூல் மாறினதும் போயிடறதுக்கு இதுதான் காரணம், ரெண்டு பேரும் கடைசிவரைக்கும் ஒருத்தர் பேரை ஒருத்தர் சொல்லிக் கூப்பிட்டதே இல்ல. சந்திச்ச ரெண்டாவது நாளே பேரைக் கேட்டு, பேராவே போன்ல போடுங்க. சங்கத்துல பட்டியல் எடுத்தா பெண்ணோட சொந்தப் பேரு, சொந்த நம்பர் எழுதுங்க. கணவர் நம்பருக்கு வர்ற அழைப்பு பாதி நேரம் அவங்க காதுக்குப் போய்ச் சேராது.

மூணாவது, ரகசியம். பேச்சால வளர்ற நட்புக்கு அதுலயே ஆபத்தும் இருக்கு. ஒரே தெரு, ஒரே சொந்தம்னா சொன்னது மூணு நாள்ல மாமியார் காதுக்குப் போகும். நகருக்குள்ள ஒருத்தர், வெளிய ஒருத்தர், ரெண்டு பேர் இருக்கிறது பாதுகாப்பு. வீட்டு விஷயத்தை வெளிய இருக்கிறவர்கிட்ட பேசுங்க.

நாலாவதை யாரும் சொல்றதில்ல. கஷ்டத்தையே திரும்பத் திரும்பப் பேசறது. அமாண்டா ரோஸ் 2002லேர்ந்து இதை ஆராய்ஞ்சவர். பசங்க, பொண்ணுங்ககிட்ட செஞ்ச ஆய்வு. ஒரே பிரச்சினையை அலசிக்கிட்டே இருந்த பொண்ணுங்களுக்கு நெருக்கம் கூடிச்சு, அதோட மனச்சோர்வும் பதட்டமும் கூடிச்சு. பசங்களுக்கு நெருக்கம் மட்டும் கூடிச்சு. பெரியவங்க மத்தியிலயும் கண்ணால பாக்கக்கூடிய விஷயந்தான் இது: ஒரு மணி நேரம் பேசி வெச்சதும் மனசு லேசாகாம இன்னும் கனக்கும். சரி பண்ற வழி: இருபது நிமிஷம் கொட்டட்டும், குறுக்கே பேசவேண்டாம். அப்புறம் ஒரே கேள்வி, "நாளைக்கு என்ன பண்ணப்போற?" பதில் சின்னதா இருந்தாப் போதும். அடுத்த அழைப்பு அந்த இடத்துலேர்ந்து ஆரம்பிக்கணும், பழைய கதையிலேர்ந்து இல்ல.

ஏற்பாடுன்னு கேட்டீங்க. மகளிர் சுயஉதவிக் குழுவைப் பாருங்க. 1989ல தருமபுரியில ஆரம்பிச்சி மாநிலம் முழுக்கப் பரவினது. 12லேர்ந்து 20 பேர், கிழமை தவறாத கூட்டம், நோட்டு, சேமிப்பு. "கூட்டத்துக்குப் போறேன்"ன்னு சொல்லிட்டு வீட்டை விட்டு வெளிய வர ஒரு பெண்ணுக்கு அது கொடுத்த காரணம், கொடுத்த கடனைவிடப் பெரிசு. சும்மா பேசிட்டு வர்றேன்னா "இந்நேரத்துல என்ன பேச்சு"ன்னு கேப்பாங்க. உங்க நகர்லயும் அப்படி ஒரு பேரு வேணும். சனிக்கிழமை 4லேர்ந்து 5:30 தையல், இல்ல பஜனை, இல்ல மாடியில காய்கறித் தோட்டம். ஏப்ரல்ல வடாம் போடலாம்: ரெண்டு கிலோ அரிசிக் கூழுக்கு நாலு பேர் கை வேணும், விடிகாலையில பிழிஞ்சா சாயந்தரம் பெயர்த்து எடுக்கணும், அதனால ஒரே நாள்ல ரெண்டு தடவை சேர்றாங்க. ஆடியில கூழ் ஊத்துறதும் அப்படித்தான், முந்தின நாள் கேழ்வரகு மாவு கரைக்கிறதுலேர்ந்து ஆரம்பிக்குது. பிள்ளைங்களையும் கூட்டிட்டு வரலாம்னு எழுதிப் போடுங்க, இல்லேன்னா சின்னக் குழந்தை இருக்கிறவங்க ஒருத்தரும் வரமாட்டாங்க. வெளிய போறதுன்னா, 2021லேர்ந்து சாதாரண டவுன் பஸ்ஸுல பெண்களுக்குக் கட்டணம் இல்லாததால வேலூர் கோட்டைக்குப் போய் வர்றதுக்கு யார்கிட்டயும் காசு கேக்கவேண்டியதில்ல.

ஏலச்சீட்டு மட்டும் வேண்டாம். லாங்கு பஜார் அண்ணன் ஜாமீனைப் பத்திச் சொன்னதேதான்.

---

எக்ஸ் சர்வீஸ்

எல்லாம் சரி, ஒரு கூட்டத்தை விட்டுட்டீங்க. இந்த மாவட்டத்துல ராணுவக் குடும்பம் அதிகம். கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டைன்னே சொல்லுவாங்க. சிப்பாய் 40 வயசுக்கு முன்ன பின்ன பென்ஷனோட ஊர் திரும்புறார். 200 மணி நேரமென்ன, 20,000 மணி நேரம் ஒண்ணா இருந்த செட்டு பஞ்சாப்லயும் அஸ்ஸாம்லயும் இருக்கு. ஊர்ல இருக்கிற வகுப்புத் தோழனுக்கும் இவருக்கும் நடுவுல 17 வருஷம் காலி. அதே நேரம் மனைவிக்கு அந்த 17 வருஷத்துல தெருவே துணையா நின்னு ஒரு வலை உருவாகியிருக்கு. திரும்பி வந்தவர் அந்த வலைக்குள்ள விருந்தாளி மாதிரி இருக்கார்.

இவங்களையும் ரிட்டயர்ட் ஆனவங்களையும் ஆட்டத்துக்குக் கூப்பிடாதீங்க, முழங்கால் ஒத்துழைக்காது. பொறுப்பு குடுங்க. தண்ணி மோட்டார் நேரம், செடிக்குத் தண்ணி, கேட் கேமரா, சங்கத்துக் கணக்கு. ஒரு பொறுப்புக்கு ரெண்டு பேர், ஒருத்தர் மட்டும்னா அது டியூட்டி ஆயிடும். ஆஸ்திரேலியாவுல இதுக்குன்னே ஆண்கள் கொட்டகைன்னு 1990கள்லேர்ந்து நடத்துறாங்க. மரவேலை, பழுது பாக்குற வேலை, நடுவுல டீ.

மனைவி தவறிப்போன ஆம்பளையைத் தனியாக் கவனிங்க. அவருக்குச் சொந்தபந்தம், நல்லது கெட்டது, யாருக்கு எவ்வளவு மொய் எழுதணும்ங்கிற வரைக்கும் மனைவி வழியாத்தான் ஓடியிருக்கும். பதினாறாம் நாளோட கூட்டம் கலைஞ்சிடும். அதுக்கப்புறம் வர்ற மூணு மாசம் யாராவது ஒருத்தர் தினம் ஒரு வேளை டீக்கு வந்து கூட்டிட்டுப் போகணும். "எதுனா வேணும்னா சொல்லுங்க"ன்னா சொல்லமாட்டார். "அஞ்சு மணிக்கு வர்றேன், செருப்பு போட்டு நில்லுங்க"ன்னா நிப்பார்.

---

புதுக்குடி

ரொம்ப நன்றி. பஜ்ஜித் திட்டத்தை மாத்துறோம். ஷட்டிலுக்கு ஆறு ஆறா, பெண்களுக்கு சனிக்கிழமை மாடித்தோட்டம், மோட்டார் பொறுப்புக்கு ரெண்டு ரெண்டு பேர்னு எழுதி வெச்சிருக்கேன்.

இன்னும் ரெண்டு. ஆணும் பெண்ணும் கலந்த ஏற்பாடு வைக்கலாமா? அப்புறம், பழைய ஊர்ல விட்டுப்போன நட்பை, ஏழெட்டு வருஷம் பேசாம இருந்ததை, திரும்பப் பிடிக்க முடியுமா? நிறைய பேருக்கு புது நண்பரைவிட அதுதான் ஏக்கமா இருக்கு.

---

கோட்டை அகழி

கலந்து வைக்கலாம், வேலை முன்னால் இருந்தால். மரம் நடுதல், பிள்ளைகளுக்கு வார இறுதிப் பாடம், பொங்கல் விழாக் குழு. குழுவில் பெண்கள் குறைந்தது மூன்று பேர் இருக்கட்டும். ஒரே ஒரு பெண் என்றால் அவர் இரண்டாம் கூட்டத்துக்கு வரமாட்டார். நம் ஊரில் "அண்ணா", "அக்கா" என்று கூப்பிடுவது வெறும் மரியாதை இல்லை, பேசுவதற்கான அனுமதிச் சீட்டு அது. இளையவர்கள் பேர் சொல்லிப் பேசிக்கொண்டால் அதையும் திருத்தப் போகவேண்டாம். கூட்டம் பொது இடத்தில், வெளிச்சத்தில், முடியும் நேரம் அறிவிக்கப்பட்டு இருந்தால் வீட்டில் யாருக்கும் விளக்கம் சொல்லத் தேவைப்படாது.

---

குடியாத்தம்காரி

விட்டுப்போனதைப் பிடிக்கலாம். அங்கேயும் ஆய்வு இருக்கு. பெகி லியூ குழுவினர் 2022ல பாத்தது: திடீர்னு ஒரு செய்தி வந்தா எதிராளி எவ்வளவு சந்தோஷப்படுவார்ங்கிறதை அனுப்புறவர் பெரும்பாலும் குறைச்சலாத்தான் மதிப்பிடறார். எதிர்பாராம வர்றதுதான் அந்தச் சந்தோஷத்தைக் கூட்டுது.

செய்தி சின்னதா இருக்கணும், மூணு வரி. முதல் வரி, அவரை ஞாபகப்படுத்தின குறிப்பான ஒரு விஷயம். ரெண்டாவது, பதில் சொல்ல சுலபமான ஒரு கேள்வி. மூணாவது, அவசரம் இல்லைங்கிறது. "ஏன் போன் பண்றதே இல்ல"ங்கிற வார்த்தை எங்கயும் வரக்கூடாது, விளையாட்டாகூட. கல்யாணப் பத்திரிகை, இன்ஷூரன்ஸ், ஓட்டு, சீட்டு, எதுவும் முதல் மூணு பேச்சுல வேண்டாம். எட்டு வருஷம் கழிச்சி வர்ற போன் எதுக்குன்னு எல்லாருக்கும் ஒரு பயம் இருக்கு.

பெண்ணுக்கு எழுதுறதா இருந்தா:

"இன்னிக்கு லாங்கு பஜார்ல கண்ணாடி வளையல் பாத்ததும் உன் ஞாபகம் வந்துச்சி, ஹாஸ்டல்ல நீ பச்சை மட்டும்தான் போடுவ. இப்ப எந்த ஊர்ல இருக்க? நேரம் கிடைக்கும்போது ஒரு வரி போடு, அவசரமில்ல."

ஆணுக்கு, லாங்கு பஜார் அண்ணா சொன்ன மாதிரி, கடைசி வரி ஒரு வேலையா இருக்கட்டும்:

"டேய், நம்ம காலேஜ் கிரவுண்டு வழியா வந்தேன், அந்த வேப்பமரம் இன்னும் இருக்கு. நீ இப்ப எங்க? அடுத்த மாசம் பௌர்ணமிக்குத் திருவண்ணாமலை கிரிவலம் போறேன், 14 கிலோமீட்டர், வர்றியா? இல்லேன்னா அடுத்த பௌர்ணமி."

கிரிவலம் நாலு மணி நேரம் போல ஆகும், பக்கத்துல பக்கத்துல நடந்துகிட்டே. எட்டு வருஷக் கதைக்கு அது தாராளம்.

பதில் வரலேன்னா மூணு நாலு வாரம் விட்டு, பொங்கலோ தீபாவளியோ வந்தா அன்னிக்கு, பொது வாழ்த்துப் படம் இல்லாம பேர் போட்டு ஒரு வரி. அதுக்கும் வரலேன்னா நிறுத்திடுங்க. நம்பர் மாறியிருக்கலாம், வீட்டுல ஏதாவது நடந்திருக்கலாம். பதில் வந்து பேச ஆரம்பிச்சிட்டா, போனை வெக்கிறதுக்கு முன்னாடி அடுத்து எந்தக் கிழமை, எத்தனை மணின்னு ரெண்டு பேரும் சொல்லிக்கணும். "அப்புறம் பேசலாம்"னு வெச்சா மறுபடி எட்டு வருஷம் ஆகும்.